பூச்சிக்கு அரைத்தது

இந்த மாவுப்பூச்சி மாதிரி மானங்கெட்ட பிறவி உலகத்தில் கிடையாது. நசுக்கினால் பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும். தண்ணீரைப் பீய்ச்சினால் குளித்துவிட்டுத் திரும்பி வரும். இலைக்கு அடியில் பஞ்சைக் கிள்ளி ஒட்டின மாதிரி குடும்பம் குட்டியோடு இருக்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து முறைத்தாலும் ஒன்றுகூட நகராது. என் வீட்டுத் தொட்டியில் என் காசில் வாங்கின மண்ணில் வளர்ந்த செடியை உறிஞ்சிக்கொண்டு, என்னையே யார் நீ என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

எனக்கு எந்தக் காலத்திலும் செடி ஆசை இருந்ததில்லை. நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். இதைக் குறை, அதைப் பிரி, போன மாதம் பிடித்த இடுப்பை இந்த மாதம் விட்டுக்கொடு என்று நாள் முழுக்க அடுத்தவர்கள் உடம்புக்கு அனுசரித்துப் போய்விட்டு வீட்டுக்கு வந்தால், காலை நீட்டி உட்காரத்தான் தோன்றும். பால்கனியில் போய் இலை இலையாகத் திருப்பிப் பார்க்கத் தோன்றாது. ஆனாலும் பார்த்தேன். எல்லாம் அக்காவுக்காக.

அத்தான் போன பிறகு அக்கா என்னோடு வந்துவிட்டாள். எனக்குப் புருஷன் பிள்ளை என்று யாரும் இல்லை. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஆள் திரும்பினால் இடிக்கிற சமையலறை, தொட்டி வைக்கிற அளவுக்கு ஒரு பால்கனி. அவள் வந்தால் கூடம் நிறைந்துவிடும் என்று நினைத்தேன். ஏனென்றால் அக்கா அப்படிப்பட்டவள். தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். ஆள் உயர அண்டாவைக் கிளறிக்கொண்டே அந்தக் கோடியில் வெங்காயம் நறுக்குகிறவளைத் திட்டுவாள். வாயும் கையும் ஒரே வேகம். கரண்டியை எடுத்து ருசி பார்த்து நான் கண்டதில்லை. கையில் உப்பை அள்ளுவாள், போடுவாள், அடுத்த அண்டாவுக்குப் போய்விடுவாள். என் சமையலைப் பழிப்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் முதல் வாய் வைத்ததும், "உப்பு எங்கடி? உனக்கெல்லாம் எதுக்கு அடுப்பு, நீ பட்டன் தைக்கத்தான் லாயக்கு" என்பாள். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அத்தான் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த அக்கா இப்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. சாப்பிடறியா என்றால் ம். குளிச்சியா என்றால் ம். தூக்கம் வருதா என்றால் அதற்கும் ம். அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. திட்டுகிறவள் திட்டாமல் இருந்தால் வீட்டில் பிணம் கிடக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்து அவள் முன்னால் வைத்தேன். தட்டைத் தள்ளுவாள், நாலு வார்த்தை கேட்பாள், எனக்கும் நிம்மதியாக இருக்கும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தின்றாள். முழுக்கத் தின்றாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளும் போடவில்லை. அதற்கப்புறம் பிடிவாதமாகவே போடுவதில்லை. நான் மட்டும் என் தட்டில் ஓரமாகத் தூவிக்கொள்வேன், திருட்டுத்தனமாக. அவள் சொல்லட்டும், அதுவரைக்கும் உப்பு கிடையாது என்று இருந்தேன். அவளும் சொல்வதாக இல்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர், "உடம்புல ஒண்ணும் இல்ல. உயிருள்ள எதையாவது பார்த்துக்கச் சொல்லுங்க. பூனையோ செடியோ, எதுவா இருந்தாலும் சரி" என்றார். பூனை வைத்தால் வீட்டுக்காரர் எங்களை வெளியே வைத்துவிடுவார். அதனால் செடி. கத்தரி, தக்காளி, செம்பருத்தி என்று நர்சரிக்காரர் காட்டினதை எல்லாம் வாங்கி, தொட்டியைத் தூக்கி மாடி ஏறி இடுப்பு பிடித்துக்கொண்டு, அக்காவைக் கையைப் பிடித்து பால்கனிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். பார்த்தாள். "ம்" என்றாள். திரும்பி நாற்காலிக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அந்தச் செடிகளுக்கு நான் தாயாகிப்போனேன்.

அதோடு விட்டிருந்தால் வாடினது வாடட்டும் என்று இருந்திருப்பேன். விடாமல் செய்தவன் அக்கா மகன்.

நல்ல பையன் அவன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் ஃபோனிலேயே வாயில் வந்ததைச் சொல்லி வைத்திருப்பேன். தூரத்தில் வேலை பார்க்கிறான், லீவு நாள் தவறாமல் கூப்பிடுவான். ஒரு தடவை, "சித்தி, அம்மா என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாங்க. நீங்களும் வேலைக்குப் போயிடறீங்க. இங்க பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, பேசறதுக்கு ஆள் இருக்கும். சேர்த்துடலாமா?" என்றான்.

என் வாய் சும்மா இருக்காது. "எதுக்குடா இல்லம்? உங்கம்மா இப்ப தோட்டம் போட்டிருக்கா. பால்கனி முழுக்கச் செடி. காலைல எழுந்தா அதுங்க பக்கத்துலதான். கத்தரி பூ விட்டிருக்கு" என்று அவிழ்த்துவிட்டேன்.

அவன் நம்பிவிட்டான். "நெஜமாவா சித்தி? அப்படின்னா அங்கயே இருக்கட்டும். நான் லீவு போட்டுட்டு வந்து பார்க்கறேன். பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றான்.

பூ விட்டது மட்டும் நிஜம். அவன் வருவதற்குள் அது காயாகியே தீரவேண்டும். ஃபோனை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்ப் பார்த்தால், பூக்காம்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சனியன் உட்கார்ந்திருக்கிறது.

எதிர் வீட்டில் ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும், "ஒரு யோசனை சொல்லட்டுமா" என்று ஆரம்பிப்பார். குடியிருப்பில் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே யோசனை. கடை மருந்து வேண்டாம், காய்க்கிற செடி, வீட்டிலேயே மருந்து செய்யலாம் என்றார். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து அடிங்க, பூச்சி ஓடிப்போகும் என்றார்.

எண்ணெய் தண்ணீரில் கலக்குமா? எனக்கும் புத்தி இல்லை, கலந்தேன். பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் அது மேலே வந்து ஆடை மாதிரி மிதந்தது. முதலில் வெறும் தண்ணீராக வந்தது, கடைசியில் வெறும் எண்ணெயாக வந்து ஸ்ப்ரே மூக்கு அடைத்துக்கொண்டது. ஊசியை விட்டு அடைப்பை எடுக்கப்போய் அது பீறிட்டு என் மூஞ்சி, தலைமுடி, துவைத்துக் காய்ந்த துணி எல்லாம் வேப்பெண்ணெய். அன்று கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவு எடுக்கப் போனேன். அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதில் மார்பளவு தப்பாகிவிட்டது.

திரும்பி வந்து யோசனையைப் பிடித்தேன். "ஐயோ, முதல்ல சோப்புக் கரைசல்ல அடிச்சுக் கலக்கிட்டு அப்புறம்தான் தண்ணி. சோப்பு இல்லாம எப்படிக் கலக்கும்? அது உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன்" என்றார். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்.

அடுத்த யோசனை, பூண்டு, பச்சை மிளகாய், இஞ்சி. மூன்றையும் விழுதாக அரைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி வைக்கவேண்டும். பகல் முழுக்க ஊறி, சாறு இறங்கும். சாயங்காலம் துணியில் வடிகட்டி, நிறையத் தண்ணீர் சேர்த்து, சோப்புக் கரைசல் ஒரு மூடி விட்டு, வெயில் போன பிறகு அடிக்கவேண்டும். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அரைத்தேன். பூண்டு உரித்து நகக்கண் எல்லாம் எரிந்தது. மிக்ஸி மூடியைத் திறந்ததும் வந்த நெடியில் இருமி இருமி, குடல் வெளியே வராத குறை. தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன், அப்புறம் குழாயடியில் பாதி நேரம் போயிற்று. கூடத்தில் அக்கா தும்மினாள். விடாமல் தும்மினாள். அந்த வாரம் அவள் போட்ட பெரிய சத்தம் அதுதான். நாற்காலியில் இருந்தபடியே சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "செடிக்கு" என்று நான் ஏதோ சொல்லப்போக, இருமல் வந்து பேச்சை முழுங்கிவிட்டது. விழுதைப் பாத்திரத்தில் வழித்துப்போட்டு, தட்டை வைத்து மூடி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் வடிகட்டி அடித்தேன். அடுத்தடுத்த நாளும் அரைத்தேன், அடித்தேன். பூச்சி செத்தது. நிஜமாகவே செத்து, பஞ்சு உதிர்ந்து கீழே விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் யோசனையைக் கூப்பிட்டு டீ கொடுத்தேன். டீயில் பூண்டு வாசம் அடித்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கத்தரி இலையின் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. நெருப்பில் காட்டின காகிதம் மாதிரி சுருண்டு, தொட்டால் பொடிந்தது. தக்காளி தலை தொங்கிவிட்டது. செம்பருத்தி மொட்டு விரியாமலே விழுந்தது. பூச்சி இருந்தபோது செடியாவது பச்சையாக இருந்தது.

காரம் அதிகமோ என்று கேட்டேன். யோசனை, "சோப்பு ஒத்துக்கல" என்றார். சோப்பை மாற்றினேன். கருகிற்று. "வெயில்ல அடிச்சீங்களா" என்றார். விளக்கைப் போட்டுக்கொண்டு அடிக்கிறேன், வெயில் எங்கிருந்து வரும்? "அப்படின்னா பூச்சி உள்ள போயிருக்கும், இன்னும் கொஞ்சம் கெட்டியா அடிங்க" என்றார். கெட்டியாக அடித்தேன். இன்னும் வேகமாகக் கருகிற்று.

பொறுமை போய்விட்டது. படிக்கட்டில் நிறுத்தி, "உங்க யோசனையை இனிமே உங்க வீட்டுச் செடிக்கு அடிங்க" என்றேன்.

"எங்க வீட்டுல செடியே இல்லையேம்மா."

"அதான் இவ்வளவு தைரியமா சொல்றீங்க" என்றேன். மனிதர் மூஞ்சி சுண்டிப்போய் உள்ளே போய்விட்டார். பாவம், எனக்கு நல்லது நினைத்தவர்தான். அப்போது எனக்கு யார் மேலும் பாவம் பார்க்கிற நிலைமை இல்லை.

கருகின இலை ஒன்றைப் பையில் போட்டு நர்சரிக்காரரிடம் எடுத்துப்போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தேய்த்தார். "உப்புத் தண்ணி ஏதாவது ஊத்தறீங்களா?" என்றார்.

"உப்பா? எங்க வீட்டுல சோத்துக்கே உப்பு கிடையாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குழாய்த் தண்ணீரில்தான் உப்பு என்று முடிவுகட்டினேன். குடிக்கிற தண்ணீர் கேன் வாங்கி, மனிதர் குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு விட்டேன், மருந்தையும் அதிலேயே கலந்தேன். அதற்கும் கருகிற்று. ஒரு சாயங்காலம் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் ஸ்ப்ரே பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து அழுதேன். அக்கா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில்தான் இருந்தாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செடியாவது மண்ணாவது, இவளுக்காக நான் ஏன் சாகிறேன் என்று தோன்றிற்று. ஆனால் இவளை ஒரு கட்டிலும் நர்ஸைக் கூப்பிடுகிற மணியுமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள் என்று நினைத்ததும் பாட்டிலைக் குலுக்கி மறுபடி அடித்தேன். என் கூடப் பிறந்தவள். எனக்கும் வேறு யாரும் இல்லை.

அவன் வருகிற நாள் வந்துவிட்டது. கடைக்கு லீவு சொன்னேன். காலையில் எழுந்ததும் கை தன்னால் பூண்டை எடுத்து உரித்தது. என்ன நம்பிக்கையில் அரைத்தேன் என்று எனக்கே தெரியாது. அரைத்து, மூடி வைத்துவிட்டு, சோற்றையும் பருப்பையும் வழக்கம்போல உப்பில்லாமல் செய்து இறக்கினேன். அவனுக்காகவாவது போடலாம் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு மண்டைக்குடைச்சல். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அவனை அழைத்துக்கொண்டு வந்தால் அக்கா அதே நாற்காலி. அவன் பையை வைத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படிம்மா இருக்க?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து பால்கனிக்குப் போனான். நான் அவன் பின்னாடியே போனேன். வேறு வழி? கத்தரி குச்சியாக நின்றது. அதில் ஒரே ஒரு காய், கோலிக்குண்டு அளவு, அதுவும் சுருங்கி இருந்தது. கீழே முழுக்கச் சருகு.

"சித்தி, இதுதான் அம்மா வளர்க்கிற தோட்டமா?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டான்.

"பூச்சிடா. மருந்து அடிச்சேன். அது என்னன்னா..."

"நீங்க அடிச்சீங்க."

நான் குனிந்து சருகைக் கூட்டி ஓரமாகத் தள்ளினேன்.

"நீங்க ரொம்பக் கஷ்டப்படறீங்க சித்தி, எனக்குத் தெரியுது. சாயங்காலமே அம்மாவோட கிளம்பறேன். இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம். பார்க்கத்தான். பிடிச்சா சேர்க்கலாம்" என்றான்.

பார்க்கத்தான் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அவன் மேல் கோபம், யோசனை மேல் கோபம், அந்தச் செத்துப்போன பூச்சிகள் மேல்கூடக் கோபம். அந்த எழவு விழுதை எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டுத்தான் மறு வேலை என்று சமையலறைக்குள் போனேன்.

பாத்திரத்தின் மேல் தட்டு கவிழ்ந்திருந்தது. தட்டின் மேல் குறுக்காக ஒரு கரண்டி. நான் தட்டை நிமிர்த்தித்தான் மூடுவேன், கரண்டி வைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. தினமும் அப்படித்தான் இருந்திருக்கும். கடையிலிருந்து களைத்து வந்து எதையும் பார்க்காமல் எடுத்து வடிகட்டியிருக்கிறேன். தட்டைத் தூக்கினேன். பச்சை விழுதின் மேல், நடுவில், ஒரு கை கல் உப்பு. ஓரம் கரைந்து, நடுவில் கல்லு கல்லாக இன்னும் கரையாமல் மின்னிக்கொண்டிருந்தது. அலமாரியில் உப்பு ஜாடியை எட்டிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இந்த வீட்டில் இரண்டே பேர்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் குரல் எதிர் வீட்டுக்கே கேட்டிருக்கும். "உப்பு போட்டது நீயா?"

அக்கா பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"தினமுமா?"

"நீ அரைச்ச அன்னைக்கெல்லாம். அரைச்சு மூடி வைக்கறதுல உப்பு போடலன்னா சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்போயிடும்டி. கேன்டீன்ல சேர்ந்த முதல் நாள் எவளா இருந்தாலும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். நீ எத்தனை தடவை பார்த்திருக்க? ஒரு நாளாவது போட்டியா?"

"அது பூச்சி மருந்து. செடிக்கு அடிக்கற மருந்து. உப்பைப் போட்டு அத்தனை செடியையும் கொன்னுட்டியே. நான் தண்ணிய மாத்தி, சோப்பை மாத்தி, அந்த மனுஷனைக் கண்டபடி திட்டி... ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அக்கா முகம் மாறிவிட்டது. "செடிக்கா?" என்றாள். "நான் சமையலுக்குன்னு நினைச்சேன். இவ்வளவு பூண்டை வச்சு என்ன பண்றான்னு எனக்கும் புரியல. தினமும் அரைக்கற, ஒரு நாளும் தட்டுல வரல. ஒருவேளை நீ மட்டும் தனியா வச்சுத் திங்கறியோன்னு நினைச்சேன்."

அவன் பால்கனிக் கதவிலேயே நின்றுவிட்டான். அவன் அம்மா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி அவன் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்.

என்னால் நிறுத்த முடியவில்லை. "நானா தனியா வச்சுத் திங்கறேன்? இதுக்கு உப்பு போட எழுந்து வரத் தெரியுது. நான் போடற சோத்துல உப்பே இல்ல, அது தெரியலையா உனக்கு?"

"தெரியாம என்ன? நாக்கு செத்தா போச்சு எனக்கு? எத்தனை நாளா அந்தச் சப்பையைத் திங்கறேன்."

"அப்ப ஏன் சொல்லல? நீ சொல்லணும்னுதான் போடாமயே வச்சேன். இன்னைக்காவது திட்டுவியா, நாளைக்காவது திட்டுவியான்னு உன் எதிர்லயே உட்கார்ந்திருந்தேனே, ஏன் சொல்லல?"

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உன் வீடு" என்றாள். "உன் சம்பாத்தியம். வேலைக்குப் போய்ட்டு வந்து நீயே சமைச்சுப் போடற. அவர் இருந்தப்ப விருந்தாளியா வந்தேன், நாக்குக்கு வந்ததைச் சொன்னேன், சாயங்காலம் கிளம்பிப் போயிட்டேன். இப்ப போறதுக்கு வேற இடம் இல்ல. வச்சதைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கணும். நான் எப்படி உன்னை உப்பு கேக்கறது?"

பாத்திரத்தோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அவள் செத்துப்போன மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் வீட்டில் மரியாதையாக இருந்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன பிறகு, யாரும் பார்க்காதபோது, எழுந்து வந்து கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று ஒரு கை உப்பு போட்டிருக்கிறாள். நான் உப்பில்லாமல் போட்டுப் போட்டு அவளுக்கு இது வேற்று வீடு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"உன் வீடாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது, அதனால் குரல் இன்னும் உயர்ந்தது. "எப்படிடி உனக்கு அப்படிச் சொல்ல மனசு வந்துச்சு? நான் யாரு உனக்கு? நீ திட்டலன்னா இந்த வீட்டுல வேற யாரு இருக்கா என்னைத் திட்ட?"

மகன் மெதுவாக வந்து அவள் பக்கத்தில் மறுபடி தரையில் உட்கார்ந்தான். "அம்மா, சாயங்காலம் என்கூடக் கிளம்பி வந்து அந்த இடத்தைப் பார்க்கறியா?" என்றான். கேட்கவேண்டுமே என்று கேட்டான், அவ்வளவுதான்.

"எந்த இடம்?"

அவன் சொன்னான். நர்ஸ் இருப்பதைச் சொன்னான், தோட்டம் இருப்பதைச் சொன்னான், வேளாவேளைக்குச் சாப்பாடு வரும் என்றான். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அங்க என்னைச் சமைக்க விடுவாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "விடமாட்டாங்கம்மா."

"அப்புறம் எதுக்கு?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், என் மடியிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, "இவ என்னை வச்சுக்குவாளான்னு அவகிட்ட கேளு" என்றாள்.

"கேக்கவே வேண்டாம்" என்றேன்.

அவன் அன்று கிளம்பவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். இல்லத்துக்காரர்களிடம், இப்போதைக்கு இல்லை, அம்மா சித்தியோடு இருக்கிறார்கள் என்று சொல்வது கண்ணாடிக் கதவு வழியாகக் கேட்டது. பேசி முடித்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து, கருகின இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப்போட ஆரம்பித்தான். செடிகளில் ஒன்றும் பிழைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். மண்ணெல்லாம் உப்பு. யோசனையிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் அதற்கும் ஒரு யோசனை சொல்வார்.

நான் சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தைச் சிங்க்கில் கொட்டப்போனவள், என்னவோ தோன்றி, விரலால் ஓரமாகத் தொட்டு நாக்கில் வைத்தேன். மிளகாய் சுரீரென்று ஏறிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்துக்குப் பின்னால் உப்பு, கச்சிதமாக இருந்தது. ருசி பார்க்காமல் போட்ட உப்பு.

பின்னால் கால் சத்தம் கேட்டது. அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து அடுப்பு மேல் இருந்த பருப்புச் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"பையன் இவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கான், அவனுக்கும் இதைத்தான் போடப் போறியா?" என்றாள். "உப்பு எங்கடி? நகரு."

நகர்ந்தேன்.